கிந்தாமணியிலிருந்து உபுத் வரை: பாலித் தீவில் இறக்கமாக ஒரு சைக்கிள் பயணம்

பாலியில் சைக்கிள் பயணம் போகலாம் என்று சொன்னதும் பலர் கேட்பது, "எனக்கு அவ்வளவு தெம்பு இருக்குமா?" என்பதுதான். தெம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கிந்தாமணி மலை விளிம்புப் பக்கமிருந்து கீழே உள்ள உபுத் என்ற ஊர் வரை இறங்கும் இந்தப் பாதை ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அதில் பெடலை அழுத்தி மிதிக்க வேண்டிய தூரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தேறினால் அதிகம். மீதி முழுக்க இறக்கம். காலுக்கு வேலையே இல்லை, பிரேக் பிடிக்கும் விரலுக்குத்தான் வேலை.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை குடும்பம் இல்லாமல், ஒரு குழுவோடு. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வேகமாக இறங்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். இரண்டாம் முறை குடும்பத்தோடு, ஊர்ந்து ஊர்ந்து. அன்றைக்குத்தான் பாதையே கண்ணில் பட்டது. மேலே ஒரு ஏரி. அந்த ஏரித் தண்ணீரை நம்பிக் கீழே அடுக்கடுக்காக வயல்கள். நடுவில் நாம் இறங்கும் வழி நெடுக வாய்க்கால் கூடவே வருகிறது. தண்ணீர் எங்கெல்லாம் நின்று பிரிகிறதோ அங்கெல்லாம் நாமும் இறங்கி நின்று பார்த்தால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். நிற்காமல் போனால் கிடைப்பது முகத்தில் காற்று மட்டும்தான்.

எந்தப் பாதை

பாலியில் சைக்கிளுக்கு மூன்று நான்கு வழிகள் உண்டு. மேற்கே தபனான் பக்கம் ஜாத்திலுவி என்ற ஊரில் மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு வயல்கள். அங்கேயே வண்டி எடுத்து வயலுக்குள் சுற்றலாம். ஆனால் ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும், தொடை பேசும். கிழக்கே சீடெமென் பள்ளத்தாக்கு அழகு, கூட்டமும் குறைவு; அதுவும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் சரிப்படும். உபுத்தைச் சுற்றிச் சமதரையில் ஓட்டலாம் என்றால், போக்குவரத்தில் பாதி நேரம் புகை குடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

சைக்கிளை விட்டுப் பத்து வருஷம் ஆனவர், பத்து வயதுப் பிள்ளை, அறுபதைத் தொட்ட அம்மா என்று கலந்து கட்டிப் போகிறவர்களுக்குக் கிந்தாமணி இறக்கம்தான். பெரும்பாலும் வண்டி வராத ஊர்த்தெரு வழியாகவே கூட்டிப்போவார்கள். இந்தோனேசியாவிலும் இடது பக்கம்தான் வண்டி ஓட்டுவது என்பதால் நமக்குக் குழப்பம் இல்லை.

வழிகாட்டி இல்லாமல் வண்டி மட்டும் வாடகைக்கு எடுத்துத் தனியாக இறங்கலாமா என்றால், இறங்கலாம். ஆனால் எந்தச் சந்து எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாமல் கடைசியில் லாரி போகும் பெரிய ரோட்டில்தான் வந்து நிற்போம். அடைத்த வாசலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் யாரும் நம்மைக் கூப்பிடவும் மாட்டார்கள்.

எப்போது போவது

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவான காலம். நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. மழைக்காலத்திலும் பயணம் நடக்கும். ஆனால் நிழல் விழும் சந்துகளில் பாசி பிடித்து வழுக்கும். எந்த மாதமானாலும் காலை நேரம்தான் சிறந்தது. பகல் ஏற ஏற மலை மேல் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிற்பகல் பயணம் விலை குறைவு என்று காட்டினால், எரிமலையைப் பார்க்காமலே திரும்பத் தயார் என்றால் மட்டும் போங்கள்.

இரண்டு நாட்களைக் காலண்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று நியெப்பி. பாலி மக்களின் சக ஆண்டுப் பிறப்பு, மார்ச் வாக்கில் வரும். நம் பஞ்சாங்கத்தில் உள்ள அதே சக ஆண்டுதான். ஆங்கில ஆண்டில் 78 கழித்தால் வருவது. அன்று முழுநாளும் தீவே மௌனம். விமான நிலையம்கூட 24 மணி நேரம் மூடியிருக்கும். வெளியூர்க்காரரும் தங்குமிடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. சைக்கிளாவது ஒன்றாவது! இன்னொன்று கலுங்கான். இது 210 நாளுக்கு ஒரு முறை சுற்றி வருவதால் ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும். இந்தச் சமயம் போவது அதிர்ஷ்டம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பென்ஜோர் என்ற உயரமான மூங்கில், நுனி வளைந்து, ஓலைத் தோரணம் தொங்க நிற்கும். தெருவின் இரண்டு பக்கமும் அவை வளைந்து நிற்க, நடுவில் சத்தமில்லாமல் சைக்கிளில் இறங்குவது தனி சுகம். என்ன, பண்டிகை நாளன்றே வழிகாட்டிகள் வீட்டில் இருப்பார்கள். இரண்டு மூன்று நாள் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், பென்ஜோர் அப்படியேதான் நிற்கும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா உண்டு, 30 நாளுக்கு 5 லட்சம் ரூபியா. 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு ஒன்றரை லட்சம் ரூபியா சுற்றுலா வரியும் வாங்குகிறார்கள். லட்சங்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அந்த ஊர்ப் பணத்தில் சைபர் அதிகம். அதனாலேயே 10,000 நோட்டுக்குப் பதில் சிவப்பான 1,00,000 நோட்டை நீட்டிவிடும் விபத்தும் நடக்கும்.

பயணத்துக்கு ஒரே மாதிரியான தொகையைத்தான் பலரும் சொல்வார்கள். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கேட்க வேண்டியவை: ஒரு குழுவில் எத்தனை பேர்? எட்டு, பத்துப் பேருக்கு மேல் என்றால் வேண்டாம் என்பேன். ஒருவர் செயின் கழன்றால் எல்லோரும் நிற்க வேண்டும். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர், அதற்குப் பின்னால் வேன், இந்த மூன்றும் உண்டா? பாதியில் முடியாமல் போனால் வேனில் ஏறிக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்கு அவர்கள் உயரத்துக்கு ஏற்ற வண்டி இருக்கிறதா? (இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பெரிய வண்டியின் சீட்டை இறக்கித் தருகிறவர்கள் உண்டு, பிள்ளையின் உயரத்தை எழுதி அனுப்பிவிடுங்கள்.) வழியில் நிறுத்தும் காப்பித் தோட்டத்தில் எவ்வளவு நேரம்? கிந்தாமணி நுழைவுச் சீட்டு, காலை உணவு, மதிய உணவு எல்லாம் இதில் அடக்கமா?

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதில் சைக்கிள் விபத்துக்கும் பணம் கிடைக்குமா என்று ஒரு முறை படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கட்டத்திலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். "காய்கறி மட்டும்" என்றால் போதாது. சம்பல் என்ற அந்த ஊர்க் காரத் துவையல்களில் தெராசி என்ற இறால் விழுது பல இடங்களில் சேரும், பார்த்தால் தெரியாது. "தெராசி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம்" என்று பிரித்துச் சொன்னால் சரியாகச் செய்து தருவார்கள்.

பையில் என்ன, உடம்பில் என்ன

மேலே காலையில் குளிரும், கீழே வரும்போது வியர்க்கும். ஆகவே மெல்லிய மேல்சட்டை ஒன்று, கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி. முன்பக்கம் மூடிய ஷூ. செருப்போடு வந்து கட்டைவிரலைப் பெடலில் இடித்துக்கொண்டவர்களை இரண்டு முறையும் பார்த்தேன். முட்டிக்குக் கீழே இறங்காத உடை என்றால் செயினில் மாட்டாது. துப்பட்டா, தொங்கும் கயிறு உள்ள பை, இவை கூடவே கூடாது. வெயில் பூச்சு, கொசு மருந்து, ஒரு மாற்றுச் சட்டை, சில்லறை நோட்டு. மழைக்காலமென்றால் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.

அப்புறம் வயிறு. உபுத்திலிருந்து கிந்தாமணி ஏறும் வழி வளைவு நெளிவு. காலை உணவு மேலே உண்டு என்பதால், கிளம்பும்போது வாழைப்பழமும் தண்ணீரும் போதும்.

காலை: பெனெலோக்கான்

ஏழரை, எட்டு மணிக்குள் வேன் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், பெனெலோக்கான் போய்ச் சேர. பெயருக்கே "பார்க்கும் இடம்" என்றுதான் அர்த்தம். எரிமலை என்றைக்கோ வெடித்து உள்வாங்கிய பெரும் பள்ளத்தின் விளிம்பு அது, சுமார் 1,450 மீட்டர் உயரத்தில். எதிரே 1,717 மீட்டர் பாத்தூர் மலை. அதன் காலடியில் பிறை மாதிரி பாத்தூர் ஏரி. மலைச்சரிவில் கறுப்புத் தார் கொட்டிக் காய்ந்த மாதிரி தெரிவது எரிகுழம்பு உறைந்த பாறை. 1926இல் வந்த வெடிப்பில் ஏரிக்கரையில் இருந்த பாத்தூர் ஊரே புதைந்தது. மக்கள் தங்கள் கோயிலையும் ஊரையும் விளிம்புக்கு மேலே கொண்டுவந்து புதிதாகக் கட்டினார்கள். அதுதான் இப்போது ரோட்டோரம் தெரியும் ஊலுன் தானு பாத்தூர் கோயில். உள்ளே இருப்பவள் தேவி தானு, ஏரியின் தெய்வம்.

சாப்பிட்டுக்கொண்டே ஏரியை நன்றாகப் பாருங்கள். அதிலிருந்து ஓர் ஆறும் வெளியே ஓடவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து கீழே ஊற்றாக எழுகிறது என்பது அந்த மக்களின் நம்பிக்கை. கீழே இருக்கும் ஒவ்வொரு வயலுக்கும் இந்தத் தேவிதான் படியளக்கிறாள். நம் மொத்தப் பயணமும் இங்கிருந்து தொடங்குவது அதனால்தான் பொருத்தம்.

சிற்பம், சட்டை விற்கிறவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வாங்க விருப்பம் இல்லையென்றால் விலை கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் வேன் கதவு வரைக்கும் கூடவே வருவார்கள்.

காப்பித் தோட்டம்

எல்லாப் பயணத்திலும் இது உண்டு. சின்னச் சின்னக் கோப்பைகளில் இஞ்சி, எலுமிச்சைப் புல், மஞ்சள் கலந்த பானம் என்று வரிசையாக வைத்து ருசி பார்க்கச் சொல்வார்கள், அது இலவசம். கோப்பி லுவாக் என்பது தனிக் காசு. மரநாய் தின்று கழித்த கொட்டையைக் கழுவி வறுத்த காப்பி. காட்டில் திரியும் மரநாய் பழுத்த பழமாகப் பார்த்துத் தின்பதுதான் அந்தக் காப்பியின் பழைய பெருமை. இப்போது பல இடங்களில் அதைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். பகலில் தூங்க வேண்டிய பிராணியை ஆட்கள் எழுப்பிப் படம் எடுக்கிறார்கள். நான் குடிக்கவில்லை, குடிக்கச் சொல்லவும் மாட்டேன்.

அதற்குப் பதில் சாதாரணக் கிந்தாமணி அராபிகாவைக் கேட்டு வாங்குங்கள். இந்தோனேசியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அதுதான், 2008இல். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே வளர்க்கிறார்கள்; குடித்தால் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு புளிப்பு தட்டும். நம் டிகாஷன் காப்பி நாக்குக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். தூளும் வெந்நீரும் ஒன்றாக வரும், தூள் அடியில் இறங்கும்வரை பொறுக்க வேண்டும். கலக்கிவிட்டால் வாயெல்லாம் மண்தான்.

வண்டியை வாங்கும்போது

இங்கே அவசரப்படாதீர்கள். சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி "எடுத்துக்கோங்க" என்பார்கள், எல்லோரும் நிறம் பார்த்து எடுப்பார்கள். என் முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் நீலத்தை எடுத்தேன். இடது பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கவனிக்கவில்லை. மூன்றாவது வளைவில், மணல் லாரி சிந்திவிட்டுப் போன எரிமலை மணல் பரவிக் கிடந்தது. இடது கை பிடித்தும் வண்டி நிற்காமல் போக, வலது லீவரை மொத்தமாக இறுக்கினேன். அது முன்சக்கரத்துப் பிரேக். அடுத்த நொடி தென்னை மரத்தடியில் கிடந்தேன். வழிகாட்டி ஓடிவந்து முதலில் என்னைத் தூக்கினார், பிறகு லீவரை அமுக்கிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனார்.

ஆகவே இரண்டு நிமிடம் செலவழியுங்கள். இரண்டு லீவரையும் முழுதாக அமுக்கிப் பாருங்கள். கைப்பிடிக்கு இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போதே சக்கரம் இறுக வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒரு கையை மட்டும் பிடியுங்கள். பின்சக்கரம் இழுபட்டால் அது பின் பிரேக். வண்டியின் வால் தூக்கினால் அது முன் பிரேக். எது எந்தக் கை என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஊரில் ஓட்டிய பழக்கத்தை நம்பாதீர்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும். முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. சீட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையைத் தொட்டால் இறக்கத்தில் பயம் பாதி போய்விடும். ஹெல்மெட் வாரில் இரண்டு விரல் நுழைந்தால் சரி, நாலு விரல் நுழைந்தால் அது வெறும் தொப்பி.

பிடிக்கவில்லை என்றால் "வேறு வண்டி கொடுங்கள்" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வேனின் மேல் எப்போதும் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும்.

இறக்கம்

வழிகாட்டியை "பிளி" என்று கூப்பிடுங்கள், பாலி மொழியில் அண்ணன். பெண் என்றால் "ம்போக்", அக்கா. பெயரைக் கேட்டால் வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று தெரிந்துவிடும். முதல் பிள்ளை வயான், அடுத்து மாதே, பிறகு நியோமான், நான்காவது கெத்துட். ஐந்தாவது பிறந்தால்? மறுபடி வயானிலிருந்து தொடங்கும். இரண்டாம் முறை எங்களுக்கு வாய்த்தவர் ஒரு கெத்துட்.

அவர் புறப்படும் முன் நாலு சொல் சொல்லிக்கொடுத்தார். பெலான்-பெலான், மெதுவாக. ஹாத்தி-ஹாத்தி, ஜாக்கிரதை. கீரி, இடது. கானான், வலது. பிள்ளைகள் இந்த நாலையும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே வந்தார்கள்.

திசை சொல்லும்போது அவர் வடக்கு தெற்கு என்று சொல்லவே இல்லை. மலைப் பக்கம் "காஜா", கடல் பக்கம் "கெலோட்". அந்தத் தீவில் எல்லாமே இந்த இரண்டை வைத்துத்தான். அந்தக் கணக்கில் நாங்கள் அன்று முழுக்கப் போனது கெலோட்.

ஓட்டும் முறை எளிது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எப்போதும் லீவர் மேல். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகும், கையும் மரத்துப்போகும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்துங்கள். மணல், சருகு, பாசி மேல் போகும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. நேராக உருட்டிக் கடந்துவிட்டுப் பிடியுங்கள். மேடு பள்ளத்தில் இரண்டு பெடலையும் சமமாக வைத்து, சீட்டிலிருந்து லேசாக எழும்பிக்கொண்டால் இடுப்பு தப்பிக்கும். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் மூன்று சைக்கிள் நீளம் இடைவெளி. படம் எடுக்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தி, இறங்கி எடுங்கள். ஓட்டிக்கொண்டே போனைத் தூக்கிய ஒருவர் வாய்க்காலில் விழுந்ததைப் பார்த்தேன், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, போன் போனது போனதுதான்.

தெருவில் பார்த்து ஓட்ட வேண்டியவை கொஞ்சம் உண்டு. வாசல்களிலும் முச்சந்திகளிலும் தரையில் ஓலைத் தட்டில் பூ, கொஞ்சம் சோறு, ஒரு ஊதுவத்தி இருக்கும். சானாங் சாரி என்ற படையல். சக்கரம் அதன் மேல் ஏறக்கூடாது. பள்ளிப் பிள்ளைகள் கைதட்ட ஓடிவந்து கை நீட்டுவார்கள். வேகத்தைக் குறைத்துவிட்டு ஒரு கையால் தட்டுங்கள், பிரேக் கை பிரேக்கிலேயே இருக்கட்டும். சேவல்கள் மூங்கில் கூடைக்குள் ரோட்டோரம் வரிசையாக இருக்கும். போகிற வருகிற சத்தத்துக்குப் பழகினால்தான் சண்டைக் களத்தில் மிரளாது என்று கெத்துட் சொன்னார். என் பையன், "அப்போ இதுங்களுக்கு நாமதான் டிராஃபிக்கா?" என்றான்.

ஊர்வலம் எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய ஊர்க்காவலர், பெச்சாலாங் என்பார்கள், கையைக் காட்டும்வரை நகரக்கூடாது. எங்களுக்கு அப்படி இருபது நிமிடம் போனது. தலையில் பழக் கோபுரம் சுமந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நடக்க, பின்னால் காமெலான் மேளம். அன்றைய பயணத்தில் கொடுத்த காசுக்கு ஈடான காட்சி அதுதான்.

நாய்கள் குரைக்கும், சில துரத்தும். வேகத்தைக் கூட்டாமல் ஒரே சீராகப் போனால் நின்றுவிடும். தடவிக் கொடுக்காதீர்கள். 2008 முதல் தீவில் வெறிநாய்க்கடி இருக்கிறது. கடியோ கீறலோ பட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக்கூடாத விஷயம் இது ஒன்றுதான்.

ஒரு வீட்டுக்குள்

பாதி வழியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். குறுகலான வாசல். நுழைந்ததும் நேர் எதிரே முட்டுச் சுவர். கெட்டவை நேர்கோட்டில்தான் போகும், வளைந்து வரத் தெரியாது என்பதால் அந்தச் சுவர். வீடு என்று ஒரே கட்டடம் கிடையாது. முற்றத்தைச் சுற்றித் தனித்தனி மண்டபம்: தூங்க ஒன்று, சடங்குக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, நெல் கொட்ட உயரத்தில் ஒன்று. மலைப் பக்கமும் சூரியன் உதிக்கும் பக்கமும் சேரும் மூலையில் குடும்பக் கோயில். அடுப்படியும் பன்றிக் கொட்டிலும் கடல் பக்கம். காஜா, கெலோட் கணக்கு இங்கேயும் தப்பவில்லை.

வடக்கு மண்டபத்துப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் மண்ணில் ஒவ்வொரு கல் இருந்தது. பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தேங்காய்க்குள் வைத்து அங்கே புதைக்கிறார்கள், ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம். அந்த வீட்டுப் பாட்டி தினமும் அதன் மேலும் ஒரு சின்னப் படையல் வைக்கிறார். பிள்ளைக்குக் கல்யாண வயதாகிவிட்டதாம்.

இது யாரோ ஒருவர் குடியிருக்கும் வீடு. அறைக்குள் எட்டிப் பார்ப்பது, கேட்காமல் படம் எடுப்பது வேண்டாம். கிளம்பும்போது "சுக்ஸ்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள், நன்றி என்று அர்த்தம். ஊர்க் கோயிலுக்குள் போவதென்றால் இடுப்பில் துணியும் அதன் மேல் கச்சையும் கட்ட வேண்டும், வழிகாட்டியிடமே இருக்கும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று பலகை இருக்கும்.

வாய்க்காலும் வயலும்

கடைசிப் பகுதிக்கு வரும்போது வெக்கை ஏறியிருக்கும், காற்றில் சேற்று வாசனை வரும். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கச் சொல்வேன். பலரும் களைப்பில் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வரப்போரம் ஒரு வாய்க்காலில் குறுக்கே கட்டை போட்டிருந்தது. கட்டையில் அகலம் வேறுபட்ட வெட்டுகள். ஒவ்வொரு வெட்டு வழியாகவும் விழும் தண்ணீர் ஒவ்வொரு பக்கம் பிரிகிறது. கெத்துட் உட்கார்ந்து விரலால் அளந்து காட்டினார்: இது இத்தனை பேருக்கு, இது இத்தனை பேருக்கு. பூட்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒரு வாய்க்காலில் நீர் வாங்கும் எல்லோரும் சேர்ந்த அமைப்புக்குச் சுபாக் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. தலைவர் பெக்காசே, நம் ஏரிப் பாசனத்தில் மடை திறந்து தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டியின் வேலையைவிடக் கொஞ்சம் கூடுதலான பொறுப்பு. எந்த வாரம் யார் நடவு, எந்த வாரம் யார் தரிசு என்பதைக் கூடிப் பேசித் தண்ணீர்க் கோயிலில் முடிவு செய்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோ இந்த வயல்களையும் கோயில்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காலையில் பார்த்த ஊலுன் தானு பாத்தூர் கோயிலும் அதில் அடக்கம்.

1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது, புது ரக நெல்லை முடிந்த மட்டும் இடைவிடாமல் நடுங்கள் என்று அரசு சொன்னது. கோயில் போட்ட முறை கலைந்தது. ஒரு பக்கம் அறுவடை, பக்கத்திலேயே நடவு என்று ஆனதும் பூச்சிக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. தண்ணீருக்கும் அடிதடி. எல்லோரும் ஒரே சமயம் தரிசு போட்டால் பூச்சி பட்டினியில் சாகும் என்பதுதான் அந்தப் பழைய முறையின் சூட்சுமம். ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் கணினியில் ஒரு மாதிரி உருவாக்கி இதை விளக்கிக் காட்டினார். அறுத்த வயலில் வாத்துகளை இறக்கிவிடுவதும் அதே கணக்குதான். நாங்கள் நின்ற இடத்தில் நூறு வாத்துகளாவது இருக்கும், கொடி கட்டிய ஒரு கம்பைச் சுற்றியே மேய்ந்தன. மேய்ப்பவர் தூரத்தில் நிழலில் படுத்திருந்தார்.

வரப்பில் ஓட்ட வேண்டாம். நடந்து போங்கள். வரப்பு உடைந்தால் அந்த வெட்டுக் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும்.

சாப்பாடு, கூலி, திரும்புவது

முடியும் இடத்தில் மதியச் சாப்பாடு. சோறு, வறுத்த தெம்பே (சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது, நம் வாய்க்கு உடனே பிடிக்கும்), தேங்காய்த் துருவல் போட்ட ஊராப் பொரியல், சின்ன வெங்காயமும் எலுமிச்சைப் புல்லும் பச்சையாக நறுக்கிய சம்பல் மாத்தா. இந்தச் சம்பலிலும் தெராசி சேர்ப்பதுண்டு, மறுபடி ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அசைவக்காரர்களுக்குக் அரைத்த மீனையோ இறைச்சியையோ குச்சியில் சுற்றிச் சுட்ட சாத்தே லிலிட், மசாலா திணித்துச் சுட்ட வாத்து. காய்கறியும் இறைச்சியும் பொடியாக நறுக்கிக் கலந்த லாவார் என்பதில் சில இடங்களில் பன்றி ரத்தம் கலப்பார்கள்.

வழிகாட்டிக்குக் கையில் தனியாக ஏதாவது கொடுப்பது வழக்கம். கட்டாயம் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபியா கொடுத்தோம், பின்னால் வேன் ஓட்டி வந்தவருக்குத் தனியாக ஐம்பதாயிரம். அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வழி நெடுக நம் பையையும் தண்ணீரையும் சுமந்து, நம் வேகத்துக்கே பொறுமையாக வந்தவர் அவர்தான்.

நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் கெத்துட் சைக்கிள்களைக் கழுவி வேன் மேல் அடுக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வண்டியின் லீவரையும் ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டே மேலே கொடுத்தார். நானும் போய் இரண்டு வண்டியைத் தூக்கிக் கொடுத்தேன். இரண்டு, மூன்று மணிக்குள் தங்குமிடம் வந்துவிடலாம். அன்று மாலைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் தொடை வலிக்காது. உள்ளங்கையும் முன்கையும்தான் வலிக்கும். காலையில் பற்பசை மூடியைத் திருக முடியாமல் பையனிடம் நீட்டினேன். அவன் தன் கையைக் காட்டினான், அவனுக்கும் அதே கதை.